சர்வரும் டெஸ்க்டாப்பும் சமமான கதை

ஊரில் ஓடும் எல்லா பஸ்ஸுக்கும் நேரம் குறித்துக் கொடுக்கிற மனிதரின் மனைவிக்கு, வேலை முடிந்து வீடு திரும்ப பஸ் கிடையாது. இதை அவள் சொல்லிக் காட்டாத நாளும் கிடையாது.

அவர் நகரப் பேருந்துக் கழகத்தில் கால அட்டவணை போடுகிறவர். கழகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டிரைவரிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் அட்டவணைக்காரர்தான். அவள் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியை ஊர் நடுவிலிருந்து கிளப்பிப் புறவழிச் சாலைக்குக் கொண்டுபோனபோது ஷிப்டு நேரத்தையும் மாற்றினார்கள். பஸ் நேரத்தை மட்டும் மாற்றவில்லை. காலை ஷிப்டு மதியம் இரண்டு மணிக்கு முடியும். பஸ் இரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போய்விடும். அடுத்த பஸ் மூன்று மணிக்கு. நடுவில் அத்தனை நர்சுகளும் கூரையில்லாத நிறுத்தத்தில் வெயிலில் நின்று, அட்டவணை போட்டவனை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அவளும் சேர்ந்து திட்டுவாள்.

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்க. அட்டவணை போட்ட ஆளைத்தான் திட்டினேன்" என்பாள் வீட்டுக்கு வந்து, காலை ஸ்டூலின் மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு.

அவரும் சும்மா இருக்கவில்லை. எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எந்தச் சாலையில் எத்தனை நேரம் பிடிக்கிறது, எந்த டிரைவர் எப்போது சாப்பிடப் போகிறார் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். கணக்குப் போட வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் பழையது. பாதி ஊருக்கு பஸ் விட்டு முடிப்பதற்குள் சூடேறித் தானாக அணைந்துவிடும். ஈரத்துணி போர்த்தலாமா என்றுகூட யோசித்தார். மேனேஜர்தான் கரண்ட் அடிக்கும் என்று தடுத்து, புதிதாக ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார்.

"டெஸ்க்டாப் வேணுமா, சர்வர் வேணுமா?" என்று கேட்டார் மேனேஜர்.

"எது நல்லா ஓடுமோ அது சார்."

"அதை நீங்களும் நானும் சொல்ல முடியாது. ஒப்பீட்டு வாரியம் சொல்லணும். அவங்க முடிவு சொல்லாம ஒரு மவுஸ்கூட வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு. நீங்களே போய்க் கேட்டுட்டு வந்துடுங்க. ஒரு கேள்விதானே?"

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள என் பஸ் வரலைன்னா நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். அங்கேருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடலாம்."

அக்கா வீடு என்றால் சகலை வீடு. சகலையோ, ஒரு பல்பு மாற்றினால்கூட அதை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்கிற ஆள். பெண்டாட்டியைப் பார்க்க அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "வாங்க வாங்க, பஸ் கிடைச்சுதா?" என்று அவர் கேட்பதை வாங்கிக் கட்டிக்கொள்வதா? அட்டவணைக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் முதல் ஆளாக வாரியத்தின் வாசலில் நின்றார்.

வாரியக் கட்டடத்துக்கு ஒரே மாதிரி இரண்டு வாசல். இரண்டிலும் ஒரே மாதிரி பூந்தொட்டி, ஒரே அளவுக்கு வாடிய செடி. காவலர் ஒரு பிளாஸ்டிக் கூடையை நீட்டினார்.

"போனை இதுல போடுங்க. வாட்ச் எலக்ட்ரானிக்கா? அதையும் கழட்டுங்க."

"எதுக்குங்க?"

"உங்க போனுக்குள்ள பிராசஸர் இருக்குல்ல? உள்ளே ரெண்டு பிராசஸருக்குப் போட்டி நடக்குது. மூணாவதா ஒண்ணு நுழைஞ்சா ஒப்பீடு கெட்டுடும்."

கூடைக்குள் கால்குலேட்டர்கள், கார்ச் சாவிகள், காதில் வைக்கிற கருவி ஒன்று எல்லாம் கிடந்தன. காதுக் கருவி வாரியத்தின் மூத்த உறுப்பினருடையது என்றார் காவலர். தினமும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே போவாராம். கூட்டத்தில் ஒன்றும் காதில் விழாததால் எல்லாவற்றுக்கும் கை தூக்குவாராம். வாரியத்தில் இதுவரை எந்த முடிவும் எதிர்ப்பில் முடிந்ததில்லை என்பதைக் காவலர் பெருமையாகச் சொன்னார்.

தலைவரின் அறை மூன்றாம் மாடியில். அட்டவணைக்காரர் லிப்ட்டில் ஏறினார். அது ஒரு வயதானவர் படியேறுகிற வேகத்தில் ஏறியது. ஒவ்வொரு மாடிக்கும் இடையில் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டது. பழுதோ என்று பயந்தார். மேலே போனதும் சுவரில் மாட்டியிருந்த பலகையில் காரணம் இருந்தது. வாரியம் இதுவரை அறிவித்த முடிவுகள் அதில் வரிசையாக இருந்தன. மாடிப்படியும் லிப்ட்டும்: சமம். மின்விசிறியும் ஏசியும்: சமம். தபாலும் தொலைபேசியும்: சமம்.

தலைவர் நல்ல மனிதர். வந்தவரை உட்காரவைத்து டீ சொன்னார். அட்டவணைக்காரர் தன் ஒரு கேள்வியைக் கேட்டார். தலைவர் கண்களை மூடிக்கொண்டார். அந்தக் கேள்விக்காகவே அவர் பிறவி எடுத்தது போல முகம் மலர்ந்தது.

"ஒப்பிடறதுன்னா என்னன்னு நினைச்சீங்க? ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு எது ஒசத்தின்னு பாக்கறதா? அது காய்கறி வாங்கறவங்க பண்ற வேலை. வாரியம் அப்படிப் பண்ணாது. ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது. ஒண்ணு ஏசி ரூம்ல வளர்ந்தது, ஒண்ணு மேஜைக்கு அடியில தூசியில கிடந்தது. இதுங்களை அப்படியே ஓடவிட்டா அநியாயம் இல்லையா? முதல்ல சமப்படுத்தணும். சமப்படுத்திட்டு, அப்புறம்தான் ஒப்பிடணும்."

"சமப்படுத்தினப்புறம் ஒப்பிட்டா, ரெண்டும் சமமாத்தானே சார் இருக்கும்?"

தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது! அதனாலதான் வாரியம் ஆரம்பிச்ச நாள்லேருந்து எங்க முடிவு ஒண்ணுகூட தப்பினதில்ல. தோத்துப்போனேன்னு ஒரு மெஷின் எங்க மேல கேஸ் போட்டதில்ல. உங்க அட்டவணையைக் குடுங்க, அதையே ரெண்டுக்கும் சோதனை வேலையாக் குடுத்துடறோம்."

தன் கணக்கையே ஓட்டுவார்கள் என்றதும் அட்டவணைக்காரருக்கு வாயெல்லாம் பல். ஒப்பீடு எப்படிப் போனால் என்ன, போகிற போக்கில் அட்டவணை வந்துவிடும் அல்லவா? கணக்கு இருந்த பென் டிரைவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, தலைவர் பின்னாலேயே சோதனைக் கூடத்துக்கு ஓடினார்.

கூடத்தின் ஒரு பக்கம் சர்வர். நீளமான, தட்டையான இரும்புப் பெட்டி. சட்டத்தில் சொருகி வைத்திருந்தார்கள். அதற்குள்ளிருந்த குட்டி விசிறிகள் போட்ட கூச்சலில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. இன்னொரு பக்கம் மேஜைக்கு அடியில் டெஸ்க்டாப் பூனைபோல உட்கார்ந்திருந்தது. இரண்டையும் பார்த்துக்கொள்கிறவள் ஒரு இளம் எஞ்சினியர். அவளுடைய பதவிக்குச் சமப்படுத்துநர் என்று பெயர். சிரித்த முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோபப்பட்டாளாம். அதனால் பயனில்லை என்று தெரிந்ததும் சிரிக்கப் பழகிவிட்டாளாம்.

முதலில் அறிமுக ஓட்டம். சமப்படுத்துவதற்கு முன்னால் இரண்டும் எப்படி இருந்தன என்று பார்த்து வைத்துக்கொள்வதற்காக. இரண்டுக்கும் அட்டவணைக்காரரின் கணக்கைக் கொடுத்து ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினாள். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் டெஸ்க்டாப் முடித்துவிட்டது. டீயைக் குடித்து, டம்ளரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்த பிறகும் சர்வர் உறுமிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, பெருசு பின்தங்குதே?" என்று அவள் காதருகே கத்தினார்.

"அதுக்கு நிறைய கை சார். ஆனா ஒவ்வொரு கையும் நிதானம். உங்க வேலை ஒரு கை செய்யற வேலை. ஒரு பஸ் எப்போ திரும்புதுன்னு தெரிஞ்சாத்தான் அடுத்ததை எப்போ விடறதுன்னு சொல்ல முடியும், இல்லையா? அதனால ஒரு கை வேலை செய்யுது, மத்த கையெல்லாம் வேடிக்கை பாக்குது. டெஸ்க்டாப்புக்குக் கை கம்மி. ஆனா ஒவ்வொண்ணும் சுறுசுறுப்பு. நீங்க நூறு ஊருக்கு ஒரே சமயத்துல அட்டவணை போடறவரா இருந்தா சர்வர் பக்கத்துல யாரும் நிக்க முடியாது. உங்களுக்கு ஒரே ஊரு. டெஸ்க்டாப்பே தாராளம்."

"அப்போ முடிவு தெரிஞ்சுபோச்சே!"

"தெரிஞ்சுபோச்சு சார். எனக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும். ஆனா இன்னும் முடிவாகலை."

இதற்குள் டெஸ்க்டாப்பின் திரையில் அட்டவணை வந்து நின்றது. அவருடைய அட்டவணை. முழு ஊருக்கும் பஸ் விட்ட அட்டவணை. அவர் கண் நேராகப் புறவழிச் சாலைக்கு ஓடியது. ஆஸ்பத்திரி நிறுத்தம், மதியம் இரண்டு மணி. அடுத்த வரிக்குப் போவதற்குள் அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். திரை கறுத்தது.

"ஐயோ! என்னம்மா பண்ணிட்டே?"

"அழிச்சுட்டேன் சார். எவ்வளவு நேரமாச்சுங்கிறது மட்டும்தான் எங்களுக்கு வேணும். வந்த விடையை வெளியில குடுத்தா அது சோதனை இல்ல, வேலை. வேலை செய்யறதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல."

அவர் திரும்பிப் பார்த்தபோது தலைவர் கருணையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை மனைவியிடம், "உன் பஸ்ஸை இன்னைக்குக் கண்ணால பாத்தேன்" என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"அதைச் சொல்ல மாட்டேன். வர்றப்போ நீயே பாரு."

ஆசையாகத்தான் சொன்னார். அவளும் அன்று கொஞ்சம் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து சமப்படுத்தல் தொடங்கியது. முதலில் சர்வரின் கைகளைக் கட்டினார்கள். டெஸ்க்டாப்புக்கு எத்தனை உண்டோ அத்தனையை மட்டும் விட்டுவைத்து மீதியை முடக்கினாள் சமப்படுத்துநர். பிறகு டெஸ்க்டாப்பின் வேகத்தைப் பிடித்து இழுத்து, சர்வரின் நிதானத்துக்குக் கொண்டுவந்தாள். சர்வரிலிருந்து மெமரியைக் கைநிறையப் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்திலும் ஊரின் எல்லா பஸ்ஸும் ஒழுங்காக ஓடி, ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இரண்டு மணிக்கு நின்று, அவர் கண்முன்னாலேயே அழிந்தன. காகிதத்தில் எழுதிக்கொள்ளலாமா என்று கெஞ்சிப் பார்த்தார். எழுதலாம், ஆனால் எழுதியதை வெளியே போகும்போது கூடையில் போட்டுவிட வேண்டும் என்றார்கள்.

ஓட்டம் ஏறக்குறைய சமமானதும் தலைவரின் பார்வை மற்ற அநியாயங்களின் மேல் விழுந்தது.

"இது இவ்வளவு சத்தம் போடுது. அது ஊமையா உக்காந்திருக்கு. பாக்கறவங்க சர்வர்தான் கஷ்டப்பட்டு உழைக்குதுன்னு நினைக்க மாட்டாங்களா? வேலை செய்யறது வேற, சத்தம் போடறது வேறன்னு யாருக்குத் தெரியும்? எனக்கே இத்தனை வருஷ சர்வீஸுல தெரியாது."

டெஸ்க்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலை விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். இப்போது இரண்டு பக்கமும் கூச்சல். பிறகு எடை போட்டுப் பார்த்தார்கள். டெஸ்க்டாப் இலேசாக இருந்ததால் அதன் தலையில் செங்கல் அடுக்கினார்கள். செங்கல் காற்றை அடைத்துச் சூடேறி அது திணறியதால், அதே அளவு திணறுவதற்காகச் சர்வரின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தினார்கள். ஈரத்துணி யோசனையை நினைத்து வெட்கப்பட்டிருந்த அட்டவணைக்காரருக்கு அன்று சற்று ஆறுதலாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது. மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சண்டை ஒன்றும் போடவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. மறுநாள் சகலை போன் செய்தார்.

"தம்பி, உங்க வீட்டம்மா இங்க சௌக்கியமா இருக்காங்க. நடந்தே போறாங்க, நடந்தே வர்றாங்க. நான்தான் ஒரு குடை வாங்கிக் குடுத்தேன். நீங்க மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்ல."

அந்தக் குடை அவரைக் குத்தியது. இரண்டு நாள் வெறும் பிரெட்டைத் தின்றுவிட்டு வாரியத்துக்குப் போய், நேரே தலைவரின் மேஜை முன்னால் நின்றார்.

"சார், என் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போயிட்டா. தயவுபண்ணி ஒரு முடிவு சொல்லுங்க. எந்த முடிவா இருந்தாலும் பரவாயில்ல."

தலைவர் உண்மையாகவே வருந்தினார். அவசரக் கூட்டம் கூட்டினார். அட்டவணைக்காரரையும் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். சமப்படுத்துநர் நிலைமையைச் சொன்னாள். எவ்வளவு கட்டினாலும், இழுத்தாலும், செங்கல் வைத்தாலும் இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்துகொண்டே இருக்கிறது. ஒரு நாள் இது முந்துகிறது, ஒரு நாள் அது.

தலைவர் சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"நண்பர்களே, வித்தியாசம் எங்கேருந்து வருது? ஓடறதுனால வருது. ஓடற வரைக்கும் ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும். இந்த உண்மையை நான் என் உத்தியோகத்துல ரொம்ப முன்னாடியே கண்டுபிடிச்சேன். நான் சேர்ந்தப்போ என்னைவிடச் சுறுசுறுப்பா ஓடினவங்க எல்லாரும் எங்கேயோ தப்புப் பண்ணி மாட்டிக்கிட்டாங்க. நான் ஒரு இடத்துல உக்காந்தேன், ஒரு தப்பும் பண்ணலை, தலைவரானேன். அதையே இந்த மெஷின்களுக்கும் சொல்றேன். ரெண்டையும் அணைச்சுடுங்க."

தலைவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

"அணைச்சுட்டா ரெண்டும் ஒரே வேகம். ஒரே சத்தம். ஒரே சூடு. ஒரே கரண்டு செலவு. இந்த நாட்டுல இதைவிடச் சுத்தமான சமத்துவத்தை யாராவது காட்ட முடியுமா?"

மூத்த உறுப்பினர் கை தூக்கினார். அவரைப் பார்த்து எல்லோரும் தூக்கினார்கள். தூக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்த அட்டவணைக்காரரின் கையும், எப்படியாவது முடிந்தால் சரி என்று மெல்ல மேலே போயிற்று.

முடிவை அறிவிக்க விழா ஏற்பாடானது. ஆனால் அணைந்து கிடக்கிற இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு என்ன காட்டுவது? துணைக்குழு ஒன்று உட்கார்ந்து யோசித்தது. விழாவன்று காலையில் இரண்டு மெஷினையும் பழைய நிலைக்கே கொண்டுவந்து கடைசியாக ஒரு தடவை ஓட்டி, இரண்டின் விடையையும் இரண்டு பெரிய திரைகளில் காட்டுவது என்று தீர்மானித்தது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பதை மக்கள் பார்த்துக்கொள்ளட்டும். விடையை வெளியில் கொடுப்பதாக ஆகாதா என்று ஒருவர் கேட்டார். காட்டுவது கொடுப்பதாகாது என்று தலைவர் தெளிவுபடுத்தினார். மேலும் விழாவுக்கு வாசலில் கூடை கிடையாது. பத்திரிகைக்குப் படம் வேண்டுமே.

சமப்படுத்துநர் அன்றே அட்டவணைக்காரருக்குப் போன் செய்தாள்.

"சார், விழாவுக்கு வீட்டுல கூட்டிக்கிட்டு வாங்க. நல்ல கேமரா உள்ள போனா எடுத்துக்கிட்டு வாங்க."

மனைவியை அழைக்க சகலை வீட்டுக்குப் போனார். பயந்தபடியே சகலை, பஸ் கிடைச்சுதா என்று கேட்டார், அவரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் யூனிபார்மை மாற்றிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் பேசவில்லை. ஆனால் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்தாள்.

விழா மேடையில் சர்வரும் டெஸ்க்டாப்பும் விளக்கணைந்து, ஆளுக்கொரு பூங்கொத்தோடு இருந்தன. பின்னால் இரண்டு பெரிய திரைகளிலும் காலையில் ஓட்டி எடுத்து வைத்த அட்டவணை. கழக மேனேஜர் முன்வரிசையில் உட்கார்ந்து போனில் படமெடுக்கத் தொடங்கிவிட்டார். அட்டவணைக்காரர் மனைவியின் கையைப் பிடித்து, டெஸ்க்டாப்பின் விடை இருந்த வலப்பக்கத் திரையைக் காட்டினார்.

"அதோ பாரு, புறவழிச் சாலை. ஆஸ்பத்திரி நிறுத்தம். உன் பஸ்."

அவள் பார்த்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"ரெண்டு மணிக்கா?"

"ஆமா! சரியா ஷிப்டு முடியற நேரம்!"

"ஏங்க, ரெண்டு மணிக்கு டியூட்டி முடிஞ்சா, ரெண்டு மணிக்கே ஸ்டாப்புல இருக்க முடியுமா? அடுத்து வர்றவகிட்ட ஒவ்வொரு நோயாளியைப் பத்தியும் சொல்லி ஒப்படைக்கணும். துணி மாத்தணும். கேட் வரைக்கும் நடக்கணும். நான் ஜன்னல் வழியா குதிச்சாலும் இந்த பஸ்ஸைப் பிடிக்க முடியாது. இத்தனை நாளா இருபது நிமிஷத்துல தவறவிட்டேன். இனிமே பதினஞ்சு நிமிஷத்துல தவறவிடுவேன்."

அவருக்கு முகம் செத்துப்போனது. எத்தனையோ நிறுத்தங்களில் ஆள் வைத்துத் தலை எண்ணியவர், தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் எத்தனை மணிக்கு வாசலுக்கு வருவாய் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. வாரியத்தை இத்தனை நாள் மனசுக்குள் திட்டிய திட்டெல்லாம் திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது.

"எத்தனை மணின்னா சரியா இருக்கும்?" என்று கேட்டார். சின்னக் குரலில்தான் கேட்டார்.

"ரெண்டே கால்."

ஒரு பஸ்ஸைக் கால் மணி நேரம் தள்ளினால் அதன் பின்னால் வருகிற பஸ்ஸெல்லாம் தள்ளும். முழுக் கணக்கையும் மறுபடி போட வேண்டும். அவர் மேடை ஓரத்தில் நின்ற சமப்படுத்துநரிடம் ஓடினார். தலைவர் அப்போதுதான் சிறப்புரையைத் தொடங்கியிருந்தார். சமப்படுத்துநர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை தலைவரின் முதுகைப் பார்த்தாள்.

"காலையில ஓட்டினதுக்கப்புறம் மறுபடி சமப்படுத்த நேரமில்ல சார். சும்மா அணைச்சு வெச்சிருக்கேன். அதோட வேகம் அப்படியே இருக்கு" என்றாள். பூங்கொத்தை நகர்த்திவிட்டு டெஸ்க்டாப்பின் பொத்தானை அழுத்தினாள்.

"ஒரு துளி வித்தியாசம்கூட இல்லாம ரெண்டும் ஓய்ந்து கிடக்கிற இந்தக் காட்சி," என்று மைக்கில் தலைவர் முழங்கினார். அவருக்குப் பின்னால் டெஸ்க்டாப்பின் விளக்கு எரிந்தது. அட்டவணைக்காரர் மண்டியிட்டு ஒரே ஒரு எண்ணை மாற்றினார். மனைவி பின்னால் நின்று அவர் சரியாக மாற்றுகிறாரா என்று பார்த்துக்கொண்டாள். தலைவர் தன் இளமைக்காலத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். அவர் பதவி உயர்வுக்கு வருவதற்குள் வலப்பக்கத் திரை ஒருமுறை கண் சிமிட்டிப் புது அட்டவணைக்கு மாறிவிட்டது.

இப்போது இரண்டு திரையும் வேறு வேறு. கூட்டம் முழுக்க அவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. யாருக்கும் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர்கள் யாருமே ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர்தான், கூடை இல்லாவிட்டாலும் பழக்கத்தில் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, உரை காதில் விழாததால் பொழுதுபோகாமல் திரைகளை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தார். வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். அட்டவணைக்காரருக்கு உயிர் போய் வந்தது. மூத்த உறுப்பினர் வழக்கம்போலக் கையைத் தூக்கினார்.

"ஒருமனதாக!" என்றார் தலைவர். கைதட்டல் எழுந்தது. அந்தச் சத்தத்துக்குள், அட்டவணைக்காரர் கைகாட்ட, மேனேஜர் வலப்பக்கத் திரையை மறுபடி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

இரண்டும் சமம் என்று வாரியமே சொல்லிவிட்டதால், மேனேஜர் மேஜைக்கு அடியில் அடங்கும் என்று டெஸ்க்டாப்பை வாங்கினார். புது அட்டவணை அடுத்த திங்கட்கிழமையே ஓடத் தொடங்கியது. அன்று அட்டவணைக்காரர் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் போய் நின்றார். நர்சுகள் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். அவள் வந்தாள், பெட்டியோடு. வந்து நிற்பதற்கும் பஸ் வருவதற்கும் சரியாக இருந்தது. திட்டுவதற்கு நேரமில்லாமல் எல்லோரும் ஏறினார்கள்.

"அட்டவணை போட்ட ஆளு பரவாயில்லை போலிருக்கே" என்றாள் ஒரு நர்ஸ்.

"ஏதோ, சொன்னாப் புரிஞ்சுக்கறார்" என்றாள் அவள்.

அதற்கு அடுத்த வாரம் வீட்டில் போன் அடித்தது. ஒப்பீட்டு வாரியத்தின் தலைவரே பேசினார். குரலில் பாசம் வழிந்தது.

"உங்க புது அட்டவணையைப் பத்தி எல்லாரும் புகழறாங்க. சந்தோஷம். பழைய அட்டவணையைவிட இது ஒசத்தியான்னு ஒப்பிட்டுச் சொல்லும்படி வாரியத்துக்கு உத்தரவு வந்திருக்கு. ஒப்பிடறதுக்கு முன்னாடி சமப்படுத்தணும், உங்களுக்குத் தெரியாததில்ல. அதனால நாளையிலேருந்து ஆஸ்பத்திரி பஸ்ஸை மட்டும் மூணு மணிக்கு விட்டுடுங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

அட்டவணைக்காரர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் காலை ஸ்டூலின் மேல் வைத்தபடியே தலைவரை மறுபடி சொல்லச் சொல்லி முழுவதையும் கேட்டுக்கொண்டாள். கடைசிவரை மரியாதையாக "சரிங்க, சரிங்க" என்றுதான் சொன்னாள்.

"நல்ல யோசனைங்க. ஆனா நாங்க நிறுத்தத்துல நிக்கறோம், நீங்க ஆபீஸ் கார்ல போறீங்க. இப்படி இருக்கறப்போ எங்க கஷ்டத்தையும் உங்க கஷ்டத்தையும் எப்படி ஒப்பிட முடியும்? அநியாயம் இல்லையா? அதனால முதல்ல நீங்க காரை விட்டுட்டு, நாளைக்கு ரெண்டே காலுக்கு எங்க நிறுத்தத்துக்கு வந்துடுங்க. மூணு மணி வரைக்கும் எங்களோட வெயில்ல நில்லுங்க. சமமாயிடுவோம். அப்புறம் நிதானமா ஒப்பிட்டுக்கலாம். குடை வேணும்னா ஒண்ணு இருக்கு, எங்க அக்கா வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது."

எதிர்முனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, இரண்டு அட்டவணையும் ஏற்கெனவே சமம்தான் என்று வாரியம் கருதுவதாகச் சொல்லிவிட்டு, தலைவர் போனை வைத்துவிட்டார். மறுநாளும் பஸ் இரண்டே காலுக்குத்தான் வந்தது.